பத்தொன்பதாயிரம் மைல்

"பொய்!" என்றார் கோதண்டம்.

சிவப்பு மோட்டாரின் உள்ளே தலையையும் தோளையும் நுழைத்துக்கொண்டு, மைல் மீட்டரின் கண்ணாடிமேல் டார்ச்சு விளக்கை அடித்தபடி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கண்ணாடிக்குப் பின்னால் குட்டிக் குட்டி வெள்ளை எண்கள் வரிசை கட்டி நின்று, 'பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்' என்றன.

"எதுங்க பொய்?" என்று கேட்டாள் வண்டிக்குச் சொந்தக்காரியான தாட்சாயிணி. வெள்ளானூரில் அது பெரிய வீடு. புருஷன் ஜெயராமன், பூந்தமல்லியில் நெல் மண்டி வைத்திருந்தவர், போன தை மாதம் தவறிவிட்டார். மோட்டார் மிஞ்சியிருந்தது.

"மீட்டர் பத்தொன்பதாயிரம்னுது. நீங்க இஞ்சின் புதுசுன்றீங்க. ரெண்டுல ஒண்ணு பொய்தானேம்மா?"

"ரெண்டும் நெஜந்தாங்க."

கோதண்டம் தலையை வெளியே எடுத்து மனைவி அன்னம்மாளைப் பார்த்தார். 'கவனித்தாயா?' என்று கேட்டது அந்தப் பார்வை. அன்னம்மாள் மோட்டாரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. சண்டைக்கு நிற்கும் சேவல் மாதிரி இருந்தது.

சந்தேகப்படுவது கோதண்டத்தின் குணமல்ல, தொழில். செய்யாற்றுப் பக்கத்திலிருந்து கொட்டகையைப் பெயர்த்துக்கொண்டு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. திருமுல்லைவாயிலில் ஒரு டூரிங் கொட்டகை, பூந்தமல்லியில் இன்னொன்று. கொட்டகை இரண்டு, படம் ஒன்று. திருமுல்லைவாயிலில் ஓடி முடிந்த படப்பெட்டியைக் கொட்டகை ஆள் தங்கவேல் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஆவடி வழியாகப் பூந்தமல்லிக்கு மிதிப்பான். அங்கே அது ஓடும்போது அடுத்த பெட்டிக்குத் திரும்பி வருவான்.

யுத்தம் முடிந்து ஜனங்கள் படம் பார்க்க ஆசையாகத்தான் வந்தார்கள். ஆனால் பூந்தமல்லிக்காரர்கள் அந்தப் படங்களைத் துண்டு துண்டாகத்தான் பார்த்தார்கள். ராஜகுமாரனின் கழுத்துக்கு நேராகக் கத்தி ஓங்கப்படும், பெட்டி தீர்ந்துவிடும். தங்கவேல் வரும்வரை ராஜகுமாரனின் கழுத்து இருட்டில் காத்திருக்கும். போன வாரம் தரை டிக்கெட்டுக்காரர்கள் பொறுமையை இழந்து, உட்காரக் குவித்து வைத்திருந்த மணலையே அள்ளித் திரைமேல் வீசிவிட்டார்கள்.

மறுநாள் பட்டணத்திலிருந்து பட ஏஜெண்டு வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வெள்ளிக்கிழமை புதுப்படம் தர்றேன், கோதண்டம். பூந்தமல்லியில ஒரு பெட்டி லேட்டானாலும் சனிக்கிழமை காலையில பிரிண்ட்டைத் தூக்கிடுவேன். அப்புறம் என்கிட்ட படமே கெடையாது."

படம் இல்லாவிட்டால் கொட்டகை ஏது? இரண்டு கூடாரத்தையும் சுருட்டிக்கொண்டு செய்யாற்றுக்கே திரும்ப வேண்டியதுதான். ஆகவே ஒரு மோட்டார் வேண்டும். அதுவும் சும்மா ஓடுகிற மோட்டார் போதாது, பாய்கிற மோட்டார். தினந்தோறும் பாய வேண்டும். ஒரு இருக்கை ஓட்டுகிறவனுக்கு, இன்னொரு இருக்கை பெட்டிக்கு. வெள்ளானூர்ச் சிவப்பு மோட்டார் இதற்கென்றே கப்பலேறி வந்தது போலிருந்தது.

ஒரே கேள்விதான். நிஜமாக எத்தனை மைல் ஓடியிருக்கிறது?

பழைய சரக்கை எடை போடுவதில் கோதண்டத்துக்கு நிகர் அந்த ஜில்லாவிலேயே கிடையாது. பிலிமின் ஓரத்துத் துளைகளில் நகத்தை ஓட்டி, 'இது முப்பது ஊர் பார்த்த பிரிண்ட்' என்று சொல்லிவிடுவார். 'புத்தம் புதுசு' என்று ஏஜெண்டு அனுப்புகிற பிரிண்ட்டில் கட்டாயம் ஒட்டு இருக்கும். ஒட்டே தெரியவில்லையென்றால் இன்னும் மோசம். கைதேர்ந்த பேர்வழி ஒட்டியிருக்கிறான் என்று அர்த்தம்.

அதே கண்ணோடு இப்போது மோட்டாரைப் பார்த்தார்.

"அன்னம், இந்த மிதிக்கட்டையைப் பாரு. ரப்பர்ல ஒரு புள்ளி தேயலை. பத்தொன்பதாயிரம் மைல் மிதிச்ச கட்டையா இது?"

"இல்லைதான்."

"மாத்திட்டாங்க. சரி, ஸ்டீரிங்கைப் பாரு. வழவழன்னு தேஞ்சு கெடக்குது. டயரைத் தடவு. மொட்டை. இதையெல்லாம் மாத்த மறந்துட்டாங்க."

"ஒரு பொய்க்காக இவ்ளோ செலவு பண்ணுவாங்களா?"

"பொய்க்குத்தான் செலவு. நெஜத்துக்கு எதுக்குச் செலவு?" என்றார் கோதண்டம். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, தாட்சாயிணியிடம், "ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் குடுக்கும்மா?" என்று சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படிப் பாத்ததில்லைங்க. வருஷத்துக்கு ஒரு டின் பெட்ரோல் வாங்குவாரு. வெள்ளிக்கிழமை பூஜை போட்டு, கொஞ்ச நேரம் உறும உட்டு நிறுத்துவாரு. அந்த டின்லயும் மிச்சம் நிக்கும்."

"வருஷத்துக்கு ஒரு டின்னு! மோட்டாரை வெளியில எடுத்ததே இல்லையா?"

"ஐயே, எடுக்காம? தெனமும் மண்டிக்கு மோட்டார்லதான் போவாரு. மோட்டார்லதான் வருவாரு."

"பெட்ரோலுக்கு ரேஷன் போட்ட காலத்துல? தெனமும்? பூந்தமல்லிக்கு?"

"ஆமாங்க." தாட்சாயிணியின் முகம் சிவந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு கௌரவமா வாழ்ந்த மனுஷன். அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க."

கோதண்டம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வேப்பமரத்தடிக்கு அன்னம்மாளை அழைத்துப் போய்க் காதோடு சொன்னார்.

"ஆவடி மிலிட்டரி கேம்ப்பு பெட்ரோல்! திருட்டுத்தனமா வாங்கி ஓட்டியிருக்கான். அதான் கணக்கு இல்லை. பத்தொன்பதாயிரம்கூட கம்மி. மீட்டர் ஒரு தடவை முழுசா சுத்தி வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை."

"அப்ப வாணாம் உடு. வேற பாக்கலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க பாப்பே? கெழட்டு வண்டின்னு தெரிஞ்சே வாங்கறது வேற, ஏமாந்து வாங்கறது வேற. பாதி வெலைக்குக் கேக்கறேன்."

பாதி விலைக்குக் கேட்டார். தாட்சாயிணி உடனே சரியென்று சொல்லிவிட்டாள்.

கோதண்டத்துக்குத் திக்கென்றது. பேரம் பேசாமல் கொடுக்கிறாள் என்றால், மீட்டர் இரண்டு தடவையல்லவா சுற்றியிருக்க வேண்டும்!

---

வெள்ளானூரிலிருந்து திருமுல்லைவாயிலுக்கு வந்து சேருவதற்குள் அவருடைய சந்தேகமெல்லாம் ருசுவாகிவிட்டது. இஞ்சின் இறுக்கிப் பிடித்தது. வேகம் கொடுத்தால் முறைத்தது. பாதி வழியில் மூக்கிலிருந்து ஆவி விட்டது. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒருமுறை நின்று, குளத்துத் தண்ணீர் இரண்டு குடம் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பியது.

கொட்டகை வாசலில் தங்கவேல் தன் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"இன்னா மொதலாளி, குதிரை வாங்கினு வரேன்னு போயி அடுப்பு வாங்கினு வந்துட்டே?"

"வயசாயிடுச்சுடா அதுக்கு. வைத்தியம் பண்ணா சரியாயிடும்."

"எனுக்குந்தான் வயசாயிடுச்சு. நல்லவேளை, என் முட்டியில மீட்டர் வெக்கல. வெச்சிருந்தா என்னியும் பாதி வெலைக்குக் கேட்டிருப்பே."

வைத்தியர் பூந்தமல்லியிலிருந்து வந்தார். நஜீர் பாய், யுத்தகாலத்தில் பட்டாளத்து லாரிகளைப் பிரித்துக் கை பழகி, போன மாதம்தான் ஊர் திரும்பியவர். இஞ்சினுக்குக் காதைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தினி மைலு?"

"பத்தொன்பதாயிரம்னு எழுதியிருக்குது. நம்பாதே. ரெண்டு சுத்து சுத்தியிருக்கும்."

"அப்ப உள்ள எல்லாம் தேஞ்சுபோய்க் கெடக்கும். ஆயில் தண்ணி மாரி கீது, பாரு. கெட்டி ஆயில் ஊத்தினா சந்தெல்லாம் அடைச்சிக்கும்."

கெட்டி எண்ணெய் ஊற்றினார்கள். பனைவெல்லப் பாகு போலிருந்தது. ஏற்கெனவே இறுகிக் கிடந்த இஞ்சின் இப்போது அசையவே மாட்டேன் என்றது. கைப்பிடி போட்டுச் சுற்றிய தங்கவேலை அது திருப்பி ஒரு சுற்றுச் சுற்றி மணலில் உட்கார வைத்தது.

புதன்கிழமை இஞ்சினைத் திறந்தார்கள்.

நஜீர் பாய் உள்ளே குனிந்து பார்த்தவர் நிமிரவேயில்லை.

"இன்னா பாய்?"

"மொதலாளி, சிலிண்டர்ல மூஞ்சி பாத்து சவரம் பண்ணிக்கலாம் போலகீது. ஒரு கீறல் இல்ல."

"பாத்தியா! பாத்தியா!" கோதண்டம் தொடையைத் தட்டினார். "ஒட்டே தெரியலைன்னா கைதேர்ந்தவன் ஒட்டியிருக்கான்னு அர்த்தம். எவனோ உள்ள மாத்தி வெச்சிருக்கான்."

"மாத்தினவன் தொழில் தெரியாதவன். இம்மா டைட்டா வெச்சா கெழட்டு வண்டி எப்டி மூச்சு உடும்? பத்தொன்பதாயிரம் ஓடின வண்டி, ஓடின வண்டி மாரிதான் இருக்கணும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப கொஞ்சம் லூசு பண்ணிடலாமா?"

"பண்ணு."

அன்னம்மாள் மட்டும், "நல்லா கீதுன்னா அப்டியே உட்ரலாமில்ல?" என்று கேட்டாள்.

இரண்டு ஆண்பிள்ளைகளும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

நஜீர் பாய் உப்புத்தாளை எடுத்தார். வால்வு அரைக்கிற பசையை எடுத்தார். அன்று பகல் முழுக்கத் தேய்த்தார். மறுநாளும் தேய்த்தார். கோதண்டம் பக்கத்தில் உட்கார்ந்து, பிலிம் பார்க்கிற அதே கவனத்தோடு, "இன்னும் கொஞ்சம்" என்று மேற்பார்வை பார்த்தார். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்த இஞ்சின் மீட்டருக்குத் தக்கபடி தேய்ந்துவிட்டது.

கிளப்பினார்கள். கிளம்பியது. கருப்பாகப் புகை வந்தது. உள்ளே யாரோ உலக்கை போட்டார்கள்.

"இப்பத்தான் கரெக்டா கீது," என்றார் நஜீர் பாய். "வயசுக்கு ஏத்த இருமல்."

---

வெள்ளிக்கிழமை.

பூந்தமல்லிக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்க அன்னம்மாள் மத்தியானமே போய்விட்டாள். புதுப்படம் என்பதால் குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முன் வரிசை நாற்காலியில் பட ஏஜெண்டு, மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திருமுல்லைவாயிலில் பொழுது இறங்குகிற நேரம் பார்த்து முதல் பெட்டி ஓடி முடிந்தது. தங்கவேல் அதைத் தூக்கி வந்து மோட்டாரின் இடப்பக்க இருக்கையில் வைத்தான். கயிறு போட்டுக் கட்டினான். பிறகு தன் சைக்கிளைத் தூக்கி மோட்டாரின் பின்புறத்தில் கட்டினான்.

"அது எதுக்குடா?"

"வழியில அடுப்பு அணைஞ்சா?"

கோதண்டம் முறைத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கவேலும் பின்னால் தொற்றிக்கொண்டான். மோட்டார் இருமிக்கொண்டு கிளம்பியது.

ஆவடி வரைக்கும் நன்றாகவே ஓடியது. காற்று முகத்தில் அடித்தது. கேம்ப்பு வாசலில் நின்ற சிப்பாய்கள் இரண்டு பேர் கையை ஆட்டினார்கள். கோதண்டத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தினம் தினம் இப்படி! ராஜகுமாரனின் கழுத்து இனிமேல் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரை ஏற்றத்தில் உலக்கைச் சத்தம் பலமாயிற்று. நடு ஏற்றத்தில் 'படீர்' என்றது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஏரியில் தவளை கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திக்கொண்டு தங்கவேல் கீழே குதித்தான்.

கோதண்டம் பிரேக்கைத் தேடுவதற்குள் மோட்டார் பின்னோக்கி நகர்ந்து, இறங்கி, ஒரு பனைமரத்தில் போய்ச் சாய்ந்து நின்றது. மோட்டாருக்கும் மரத்துக்கும் நடுவில் சைக்கிள் இருந்தது. இப்போது அதைச் சைக்கிள் என்று சொல்ல முடியாது.

தங்கவேல் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் வாயிலிருந்து இந்தத் தடவை பரிகாசம் எதுவும் வரவில்லை. "ஆறு வருஷம், மொதலாளி," என்றான். "ஒருநாளும் என்னிய நடு ரோட்ல உட்டதில்ல."

கோதண்டம் பெட்டியைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தார். தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற பாரமில்லை அது. பூந்தமல்லி இன்னும் கண்ணுக்கெட்டாத தூரம். அங்கே ஏஜெண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்னம்மாள் திரைக்குமுன் தனியாக நிற்பாள். தரை டிக்கெட்டுக்காரர்கள் கையில் மணல் இருக்கும்.

அப்போதுதான் பூந்தமல்லிப் பக்கமிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது.

காலி மாட்டுவண்டி ஒன்று. ஜோடி வெள்ளைக் காளைகள். மேலே தலைப்பாகைக்காரர் ஒருவர், பாதித் தூக்கத்தில். மோட்டாருக்கு நேராக வந்ததும் காளைகள் தாமாகவே நின்றுவிட்டன. தலைப்பாகை முன்னால் விழுந்தது.

"இன்னாடா ஆச்சி உங்குளுக்கு?" என்று கண் விழித்தவர், சிவப்பு மோட்டாரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா! புண்ணியமாப் போவுது!" கோதண்டம் ஓடினார். "உன் பேரு இன்னா?"

"கன்னியப்பன்."

"கன்னியப்பா, ஆபத்துக்கு ஒதவு! என் பொழைப்பே இந்தப் பெட்டியிலதான் கீது. உன் வண்டியில ஏத்தி..."

"ஏத்தலாம் நைனா. ஆனா இதுங்க கட்டை வண்டின்னா ஆமை. மோட்டார்ல பூட்டினா ஓடும்."

மாட்டைப் பற்றி மாட்டுக்காரனுக்குத் தெரியாததா? கோதண்டம் தர்க்கம் செய்யவில்லை. கன்னியப்பன் நுகத்தடியை அவிழ்த்தார். மங்கிக்கொண்டு வந்த அந்த வெளிச்சத்தில், குனிந்துகூடப் பார்க்காமல், மோட்டாரின் மூக்குக்கு அடியில் கையை விட்டு எங்கேயோ இருந்த இரண்டு இரும்பு வளையங்களில் கயிற்றைக் கோத்துவிட்டார். காளைகளை யாரும் இழுக்கவில்லை. அவையே வந்து, இடமும் வலமும் மாறாமல் நின்று, கழுத்தைத் தாழ்த்தின.

கோதண்டத்துக்குக் கண் கலங்கியது. வாயில்லா ஜீவன்களுக்கு இருக்கிற இரக்கம்!

"ஏறி ஸ்டீரிங்கைப் புடிச்சிக்கோ நைனா," என்றார் கன்னியப்பன். தானும் பெட்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். கட்டை வண்டிக்குக் காவலாகத் தங்கவேல் நின்றான்.

"ஹை!"

நிஜமாகவே ஓடின. தலையைத் தூக்கிக்கொண்டு, சலங்கை குலுங்க, நாலு கால் பாய்ச்சலில். மோட்டார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு சுகமாக அது ஒருநாளும் போனதில்லை. ஆனால் பத்து கஜம் போனதும் காளைகள் சாலையின் குறுக்கே வளைந்தன. ஸ்டீரிங் கோதண்டத்தின் கையில் தானாகச் சுற்றியது. மோட்டார் அரைவட்டம் அடித்து வந்த வழியைப் பார்த்து நின்றது. நின்றது என்றும் சொல்ல முடியாது. அந்த வழியிலேயே பறந்தது.

"யோவ்! பூந்தமல்லி அந்தப் பக்கம்யா! திருப்பு!"

"திரும்பாது நைனா. காலையில பூட்டினாத்தான் பூந்தமல்லி. பொழுது சாஞ்சா ஊட்டுக்கு."

கோதண்டம் பிரேக்கை மிதித்தார். கயிறு விறைத்தது. மோட்டாரின் மூக்கு முனகியது. காளைகள் இன்னும் பலமாக இழுத்தன. மூக்கு தனியாகப் போய்விடும் போலிருந்ததால் காலை எடுத்துவிட்டார்.

"யாரு ஊட்டுக்குய்யா?"

"மோட்டாரு ஊட்டுக்குத்தான். வெள்ளானூரு. நம்ம ஜெயராமண்ணன் ஊடு." கன்னியப்பன் பெட்டியின்மேல் வசதியாகக் காலை நீட்டிக்கொண்டார். "அவுரு காலமானப்புறம் அந்தம்மா மாட்டை எனக்குக் குடுத்துட்டாங்க. மோட்டாரை வேற எவனுக்கோ வித்துட்டாங்கன்னு சொன்னாங்க. அது நீதானா?"

ஆவடி கேம்ப்பு வாசலில் அதே சிப்பாய்கள் நின்றார்கள். இந்த முறை கையை ஆட்டவில்லை. சல்யூட் அடித்தார்கள்.

கோதண்டம் பெட்டிமேல் இருந்தவர் பக்கம் திரும்பினார். "அவரு... தெனமும்... மோட்டார்லதானே மண்டிக்குப் போவாரு?"

"மோட்டார்லதான். துரை ஒருத்தரு கப்பல்லேருந்து எறக்கின கையோட சண்டைக்குப் போனாரு. அவருகிட்ட புதுசா வாங்கினது. வாங்கினதும் பெட்ரோலு கெடைக்கல. கெடைச்சாலும் அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது. அதுக்காவ கௌரவத்தை உட்டுட முடியுமா? கோட்டு போட்டுகினு, ஸ்டீரிங்கைப் புடிச்சிகினு, ஜம்முனு குந்திகினு போவாரு."

"அப்ப மீட்டர்ல காட்டுற பத்தொன்பதாயிரம் மைலு?"

"அது இதுங்க நடந்தது நைனா," என்றார் கன்னியப்பன். "இஞ்சினு சும்மா கூட வந்துது."